பதினோரு சென்டிமீட்டர் காற்று

என் வேலையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால், தூங்குகிறவர்களின் மூக்கில் காற்றடிப்பது என்று சொல்வேன். கேட்டதும் எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களில் பாதிப் பேர் ஐந்து வருஷத்துக்குள் என் அறைக்கு வந்து படுக்கத்தான் போகிறார்கள்.

விஷயம் இதுதான். சிலருக்குத் தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு வழி அடைத்துக்கொள்ளும். பத்து விநாடி, இருபது விநாடி, சிலருக்கு முக்கால் நிமிஷம்கூட மூச்சு நிற்கும். மூளை பதறிப்போய் ஆளை அரைகுறையாக எழுப்பும். ஒரு பெரிய உறுமலோடு மூச்சு திரும்பும். ஆளுக்கு இது எதுவும் ஞாபகம் இருக்காது. ராத்திரி முழுக்க முன்னூறு தடவை செத்துப் பிழைத்துவிட்டு, காலையில் ‘நல்லாத்தான் தூங்கினேன்’ என்று சொல்லிக்கொண்டு பல் விளக்கப் போவார். அப்புறம் பகலெல்லாம் கொட்டாவி.

இதற்கு மருந்து காற்று. ஒரு சின்ன மெஷின், ஒரு குழாய், ஒரு மாஸ்க். உள்ளே போகிற காற்று வழியைத் திறந்தபடியே பிடித்து வைத்திருக்கும். எவ்வளவு காற்று என்பதில்தான் சங்கதி இருக்கிறது. குறைந்தால் வழி அடைக்கும். கூடினால் வயிறு ஊதி, ஆள் மாஸ்க்கைப் பிய்த்து எறிவார். அந்த அளவைக் கண்டுபிடிப்பது நான். ஆளைப் படுக்க வைத்துவிட்டு, அடுத்த அறையில் திரையைப் பார்த்துக்கொண்டே நாலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போவேன். கணக்கு தண்ணீர் சென்டிமீட்டரில்: ஒரு குழாயில் அத்தனை சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தாங்கி நிறுத்துகிற காற்று. ஆஸ்பத்திரியில் எனக்குக் காத்துக்காரம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம்.

பதினாறு வருஷத்தில் நான் வைத்த எண் தப்பியது ரொம்பக் குறைவு. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்த ஓட்டுநருக்கு நான் வைத்த எண் பதினொன்று.

தொலைதூர பஸ் ஓட்டுகிறவர். முப்பது வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. ஆள் வாட்டசாட்டம், கழுத்துக்கும் தோளுக்கும் எல்லை எங்கே என்று தேடவேண்டும். ஒருநாள் நட்டநடு மத்தியானம், சிவப்பு விளக்கில் நின்ற வண்டி பச்சை விழுந்தும் நகரவில்லை. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. நடத்துநர் வந்து தோளைத் தொட்டபோது, மனுஷர் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். வண்டியில் அப்போது நாற்பத்திரண்டு பேர். “ஆனா கால பிரேக்லேருந்து எடுக்கல மேடம்,” என்று என்னிடம் கொஞ்சம் கௌரவத்தோடுதான் சொன்னார்.

டெப்போவில் அந்தக் கௌரவம் செல்லுபடியாகவில்லை. ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டு, பயணிகள் தவறவிட்ட சாமான்களை வைக்கும் அறைக்கு அவரை அனுப்பிவிட்டார்கள். குடைகள், ஒற்றைச் செருப்புகள், ஒரு செட் பொய்ப்பல். அவற்றுக்கு நடுவே நாலு மாதமாக உட்கார்ந்திருந்தார். மறுபடி ஓட்டுவதற்கு ஒரே வழி, டெப்போவின் மருத்துவக் குழுவிடம் எங்கள் ஆஸ்பத்திரியின் தாளைக் கொடுப்பது. தாளில் கேள்வியும் ஒன்றே ஒன்றுதான்: முப்பது நாளில் குறைந்தது இருபத்தொரு ராத்திரி, ராத்திரிக்கு நாலு மணி நேரமாவது, மெஷின் போட்டுத் தூங்கினாரா? ஆமாம் என்று நான் எழுதி, டாக்டர் கையெழுத்துப் போட்டால் வண்டி கையில். அந்தக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். விட்டால் இன்னும் மூன்று மாதம் பொய்ப்பல்லோடு குடித்தனம்.

எங்கள் அறையில் அவருக்குச் சோதனை நடந்தபோது ஒரு சிக்கலும் இல்லை. ஏசியை முழு வேகத்தில் ஓடவிட்டு, மாஸ்க்கை மாட்டி, விளக்கை அணைத்தேன். ஏசி பழசு, அரிசி மில் மாதிரி சத்தம் போடும், ஆனால் குளிரும். அவர் கட்டையாகத் தூங்கினார். ஏழில் அடைத்தது, ஒன்பதில் முனகியது, பதினொன்றில் திறந்துகொண்டது. மல்லாந்து படுத்து, கனவு கண்டுகொண்டு, நிமிஷத்துக்குப் பன்னிரண்டு மூச்சு, ஒவ்வொன்றும் அரை லிட்டருக்கு மேல். அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்கக் கண் நிறைந்தது.

மெஷினை வாங்கிப்போக வந்தபோது மூன்று பேராக வந்தார்கள். ஓட்டுநர், அவர் மனைவி, மனைவியின் தம்பி. நான் மாஸ்க் மாட்டும் விதத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, மனைவி ஒவ்வொரு பட்டியையும் இழுத்துப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். கண்ணுக்குக் கீழே மை தீட்டியது போலக் கருவளையம். அங்கே இருந்தவர்களில் தூக்கம் கெட்ட ஆள் யார் என்று கேட்டால் நான் அந்த அம்மாளைத்தான் காட்டியிருப்பேன். தம்பிக்கு அந்தக் கவலையே இல்லை. மூலையில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, மெஷின் பெட்டியின் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டான். முப்பது வயது, ஒல்லிப்பிச்சான், உள்வாங்கிய மோவாய்.

“கோழி, எந்திரிடா,” என்றார் ஓட்டுநர். உட்கார்ந்த இடத்தில் கோழித்தூக்கம் போடுவதால் வந்த பெயராம். வேலைக்கு நேர்முகம் பார்க்கப் போன இடத்தில், கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே தூங்கியவன் என்று அக்காவே சிரித்துக்கொண்டு சொன்னார். எந்த வேலையும் ஆறு மாதம் தாங்கியதில்லை. அக்கா வீட்டோடு இருக்கிறான். சோம்பேறி என்று நானும் மனதுக்குள் முத்திரை குத்தினேன். அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முப்பது நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில் அதே மூன்று பேர் வந்தார்கள். குழு கூடுவது திங்கட்கிழமை. ஓட்டுநர் புதுச் சட்டை போட்டிருந்தார். தாளை நான்காக மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். மெஷினின் கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகினேன்.

முதல் மூன்று ராத்திரி மோசம். இருபது நிமிஷம், கால் மணி, ஐந்து நிமிஷம். புதிதாகப் போடுகிற எல்லாரும் அப்படித்தான். நாலாவது ராத்திரியிலிருந்து அள்ளிக் கொட்டியிருந்தது. ஏழு மணி நேரம், எட்டு மணி நேரம், ஒருநாள் ஒன்பதரை. இருபத்தேழு ராத்திரியும் அப்படியே.

“பிரமாதம்,” என்றேன். ஓட்டுநர் முகம் மலரவில்லை. தரையைப் பார்த்தார்.

அடுத்த பக்கத்தைத் திறந்ததும் எனக்குச் சுருக்கென்றது. மெஷின் போட்ட பிறகும் மணிக்கு எத்தனை தடவை மூச்சு அடைக்கிறது என்று காட்டுகிற பக்கம் அது. ஒன்று, இரண்டு என்று இருந்திருக்க வேண்டும். ஒன்பது என்று இருந்தது. அதாவது, பதினொன்று போதவில்லை. அதாவது, என் எண் தப்பு.

அந்த மனுஷரின் வேலை, பஸ்ஸில் வருகிறவர்களின் உயிர், எல்லாம் அப்புறம்தான் தோன்றியது. முதலில் தோன்றியது என் எண்ணுக்கு நேர்ந்த அவமானம்தான். பழைய சோதனைத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து, மூச்சு மூச்சாக ஒப்பிட ஆரம்பித்தேன். வந்தவர்களை உட்காரச் சொல்லவும் மறந்துவிட்டேன்.

அப்போதுதான் என் தலைக்கு மேலே கடிகாரம் டிக் டிக் என்றது. அது இரண்டு வருஷமாக நின்றுபோன கடிகாரம். நிமிர்ந்து பார்த்தால், கோழி நாற்காலி மேல் ஏறி நின்று அதைச் சரியாக மாட்டிக்கொண்டிருந்தான்.

“பேட்டரிய மாத்திப் போட்டிருக்காங்க மேடம், ஆனா தலைகீழா போட்டிருக்காங்க,” என்றான். “அப்பறம் அந்தச் சுவத்துல இருக்கற போஸ்டர்ல ரெண்டாவது வரி ரெண்டு தடவ வந்திருக்கு. உங்க நாற்காலியில ஒரு கால் ஆடுது. ஸ்குரூ டிரைவர் இருக்கா?”

போன மாதம் பெட்டி மேல் எச்சில் வடியத் தூங்கியவன். நான் அவன் முகத்தையே பார்த்தேன். கண் இரண்டும் கழுவி வைத்தது போல இருந்தன. மூக்குத் தண்டில் சிவப்பாக ஒரு தழும்பு. இரண்டு கன்னத்திலும் பட்டி அழுத்திய கோடு. திரும்பி ஓட்டுநரைப் பார்த்தேன். அகலமான, வழவழப்பான, ஒரு கோடும் இல்லாத முகம்.

கம்ப்யூட்டரைப் பார்த்தேன். முதல் மூன்று ராத்திரி: நிமிஷத்துக்குப் பன்னிரண்டு மூச்சு, அரை லிட்டருக்கு மேல். நாலாவது ராத்திரியிலிருந்து: நிமிஷத்துக்குப் பதினேழு, கால் லிட்டரைக் கொஞ்சம் தாண்டி. பஸ் அளவு மனுஷர் ஒரே ராத்திரியில் சைக்கிள் அளவுக்கு இளைத்துவிட முடியாது. கையெழுத்தை மாற்றிப் போடலாம், மூச்சை மாற்றிப் போட முடியாது.

“யாரு போட்டது?” என்றேன்.

மூவரும் திருதிருவென்று விழித்தார்கள்.

“என் காதுல பூ சுத்தாதீங்க. இருபத்தேழு ராத்திரி இந்த மெஷின போட்டுத் தூங்கினது யாரு?”

கோழி நாற்காலியிலிருந்து இறங்கினான். “நான்தான் மேடம். மாமா மேல தப்பு இல்ல. மூணு நாள் பாத்தாரு, அவரால முடியல. மெஷினுக்கு ஆள் தெரியவா போகுதுன்னு நான்தான் வாங்கி மாட்டிக்கிட்டேன்.”

“மெஷினுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.”

“தெரியும்னு எங்களுக்குத் தெரியாதே,” என்றான். கிண்டல் இல்லை, உண்மையாகவே சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டதால் கோபம் இன்னும் கூடிவிட்டது. கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதினால் நன்றாக இருக்காது. வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது ஓட்டுநர் பேசினார். குரல் உடலுக்குப் பொருந்தாமல் சின்னதாக வந்தது.

“தப்புதான் மேடம். ஆனா தாள்ல மணி நேரம்தான கேக்கறாங்க. அது சரியாத்தான இருக்கு. இந்த ஒருவாட்டி எழுதிக் குடுத்துடுங்க. வண்டி கைக்கு வந்துடுச்சுன்னா நான் எப்படியாவது போட்டுப் பழகிடுவேன். இன்னும் மூணு மாசம் அந்த ரூம்ல உக்காந்தேன்னா நானும் தொலைஞ்சுபோன சாமான்தான்.”

கையெடுத்துக் கும்பிடவில்லை. அழவும் இல்லை. அந்தப் பிளாஸ்டிக் உறையை மேஜை மேல் நேராக வைத்தார், அவ்வளவுதான். எனக்கு மனசு இளகியது. உள்ளதைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் பேனா பக்கம் கை போகவும் போனது. டாக்டர் இரண்டாவது பக்கத்தைப் பார்க்கமாட்டார். குழு முதல் பக்கத்தையே சரியாகப் பார்க்காது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதுவரை வாயே திறக்காமல் இருந்த அவர் மனைவி, “எழுதிக் குடுத்துடுங்க மேடம்,” என்றார்.

நான் பேனாவை எடுத்தேன்.

“ஆனா,” என்று ஓட்டுநர் பக்கம் திரும்பினார் அந்த அம்மாள், “நான் அந்த வண்டியில ஏறமாட்டேன்.”

“ஒம்பது வருஷமா ராத்திரி பூரா உங்க மூச்ச எண்ணிட்டே கெடக்கறேன். நின்னுச்சுன்னா தோள்ல இடிப்பேன். வந்துச்சுன்னா கண்ண மூடுவேன். மறுபடி நிக்கும். எனக்குத் தெரியாததா இவங்க மெஷினுக்குத் தெரியப் போகுது? நீங்க வண்டி எடுத்துட்டுப் போங்க, நான் வேண்டாங்கல. ஏறமாட்டேன், அவ்ளோதான். இவனையும் ஏற விடமாட்டேன்.”

ஓட்டுநர் கையை நீட்டி உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். உள்ளே இருந்த தாளை எடுத்து, நான்காக மடித்து, புதுச் சட்டைப் பையில் வைத்தார். அந்தப் பெரிய விரல்கள் அதை மடித்த நிதானத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு நேரம் கத்தியதற்காக வருத்தப்பட்டேன்.

“சரி, ஏன் போட முடியலன்னு சொல்லுங்க,” என்றேன். “இங்க நல்லாத்தான தூங்கினீங்க.”

மென்று விழுங்கினார். மூக்கு அரிக்கிறதா, இல்லை. மூடினது போல மூச்சு முட்டுகிறதா, இல்லை. வாய் உலர்கிறதா, இல்லை. எல்லாவற்றுக்கும் பிடி கொடுக்காமல் தலையை ஆட்டினார். “வீட்ல படுத்தா தூக்கம் வரல மேடம். பயமா இருக்கு.”

“என்ன பயம்?”

“தெரியல.”

இப்படியே விட்டால் நாளைக்கும் விடியாது. எழுந்து பக்கத்துச் சோதனை அறையைத் திறந்தேன். காலை பத்தரை மணி. கட்டில் காலியாக இருந்தது. படுக்கச் சொன்னேன். வழக்கம்போல ஏசியின் பொத்தானை அழுத்தப் போன கை, பாதியில் நின்றது. அவர் வீட்டில் ஏசி கிடையாது என்று போன மாதமே படிவத்தில் எழுதியிருந்தார். ஏசியைப் போடாமலே மாஸ்க்கை மாட்டி மெஷினை ஓடவிட்டேன்.

உஸ்ஸ்ஸ்.

மாஸ்க்கின் முன்பக்கத்தில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள் உண்டு. வெளியே விடுகிற மூச்சு அவை வழியாகப் போகவேண்டும் என்றே வைத்திருக்கிறார்கள். அந்தச் சத்தத்தைப் பதினாறு வருஷத்தில் நான் முதல்முறையாக அன்றைக்குத்தான் ஒழுங்காகக் கேட்டேன். என் அரிசி மில் ஏசி ஓடும்போது அது யார் காதிலும் விழாது. எல்லாருக்கும் எண் வைத்துவிட்டேன் என்று மார் தட்டிக்கொண்ட எனக்கு, வீட்டு நிசப்தத்தில் இது எப்படிக் கேட்கும் என்று கேட்டுப் பார்க்கத் தோன்றியதே இல்லை. மூக்கு உடைந்தது என்பார்களே, அது.

போர்வைக்குள் ஏதோ அசைந்தது. பார்த்தேன். அவருடைய வலது பாதம். அழுத்தியது, விட்டது. அழுத்தியது, விட்டது.

“கால ஏன் அமுக்கறீங்க?”

அவருக்கே தெரியவில்லை. போர்வையை விலக்கித் தன் காலை வேறு யாருடையதோ போலப் பார்த்தார்.

வாசலில் நின்றிருந்த கோழிதான் சொன்னான். “பிரேக்க அமுக்கறாரு மேடம்.”

ஓட்டுநர் மாஸ்க்கைக் கழற்றினார். முகம் வெளிறியிருந்தது. “காத்து போகுது,” என்றார். “அதான். அதான் பயம். எங்க வண்டிக்கு பிரேக்கே காத்துலதான் மேடம். எங்கயாவது உஸ்ஸுன்னு கேட்டுச்சுன்னா டாங்க்ல காத்து எறங்குதுன்னு அர்த்தம். ஓரங்கட்டிட்டு, எறங்கி, எங்க கசியுதுன்னு பாத்துட்டுத்தான் வண்டிய எடுக்கணும். முப்பது வருஷமா இந்தக் காதுக்கு அந்த சத்தம் ஒண்ணுதான் ஆகாது. கண்ண மூடினா பிரேக் புடிக்காத வண்டியில போற மாதிரியே இருந்துச்சு. இத உங்ககிட்ட எப்படிச் சொல்றது, சின்னப் புள்ள மாதிரி?”

ஒரு நல்ல ஓட்டுநருக்கு மட்டும் வரக்கூடிய வியாதி இது. சுமாரான ஓட்டுநராக இருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். எனக்கு அந்த மனுஷர் மேல் திடீரென்று பெரிய மரியாதை வந்துவிட்டது.

மாஸ்க்கை மறுபடி மாட்டிவிட்டு, மெஷினைத் திருப்பி, அதன் சின்னத் திரை அவர் முகத்துக்கு நேரே வரும்படி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடாமல் எரிந்துகொண்டே இருக்கும்படி மாற்றினேன். அதில் 11.0 என்று இருந்தது.

“இதுதான் உங்க டாங்க்கோட மீட்டர்னு வச்சுக்குங்க. இந்த ஓட்டைய விரலால மூடிப் பாருங்க. சத்தம் நிக்குதா? எண் மாறுச்சா? இப்ப விடுங்க. சத்தம் வருதா? எண் எறங்குச்சா?”

மூடினார், திறந்தார். நாலு தடவை செய்தார். 11.0 அசையவில்லை.

“மாஸ்க்க கொஞ்சம் தூக்கினா?”

தூக்கினார். காற்று புஸ்ஸென்று அடித்தது. மெஷின் உறுமிக்கொண்டு ஈடுகட்டியது. எண் ஒரு கணம் தடுமாறிவிட்டுப் பதினொன்றிலேயே வந்து நின்றது.

ஓட்டுநர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அவர் முகத்தில் வண்டி ஓட்டுகிற களை அப்போதுதான் வந்தது. “அப்ப இது கசிவு இல்ல,” என்றார். “டாங்க் நெறஞ்சப்பறம் வால்வு மிச்சக் காத்தத் துப்புமே, அந்த சத்தம். அது கேட்டா நல்லது. அது கேக்கலேன்னாதான் கவலப்படணும்.”

எனக்கு அவர்கள் வண்டியின் வால்வைப் பற்றி ஒன்றும் தெரியாது. “அதேதான்,” என்றேன்.

மறுபடி படுத்தார். எண்ணைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்று அவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அழுத்தியது. விட்டது. லேசாக அழுத்தியது. பதினைந்து நிமிஷத்தில் பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. சத்தமே இல்லாமல், நிமிஷத்துக்குப் பன்னிரண்டு. அவர் மனைவி உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். நூறு தாண்டியும் நிறுத்தவில்லை. “நிக்கல,” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மதியம் அவர்கள் கிளம்பியபோது கோழிதான் மெஷினைப் பெட்டியில் வைத்தான். குழாயைச் சுருட்டினான், மாஸ்க்கைத் துடைத்தான், மூடினான். பெட்டியை மாமாவிடம் கொடுக்கும்போது கை ஒரு கணம் தயங்கியது. எனக்கு அது புரிந்தது. அந்த ஒன்பது என்ற எண்ணை நான் மறக்கவில்லை. பதினொன்று போட்டும் மணிக்கு ஒன்பது தடவை அடைத்தது இவன் தொண்டைதான்.

“உனக்கு எத்தன வயசுலேருந்து இந்தத் தூக்கம்?” என்று கேட்டேன்.

“பத்தாவது படிக்கும்போதுலேருந்து மேடம். வாத்தியாருங்க அடிச்சுப் பாத்தாங்க, அப்பா திட்டிப் பாத்தாரு.” சிரித்தான். “இந்த இருபத்தேழு நாள்தான் காலைல எந்திரிச்சா எந்திரிச்ச மாதிரி இருந்துச்சு. மத்தவங்கல்லாம் தெனமும் இப்படித்தான் எந்திரிக்கறாங்களா? அப்படின்னா நீங்கல்லாம் என்னைய ரொம்பக் கொஞ்சமாத்தான் திட்டியிருக்கீங்க.”

அவன் அக்கா அவனை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். ஒல்லியான ஆளுக்கு இந்த வியாதி வராது என்று யாரோ சொல்லி எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். மோவாய் உள்வாங்கியிருந்தால் போதும், தொண்டையில் இடம் இருக்காது. வீட்டில் ஏற்கெனவே ஒரு குறட்டை ஓடிக்கொண்டிருந்ததால், இரண்டாவது குறட்டை யார் காதிலும் விழவில்லை. பதினைந்து வருஷமாகச் சோம்பேறி என்று பெயர் வாங்கியவன், மூச்சு நின்று நின்று பிழைத்துக்கொண்டிருந்திருக்கிறான். வேறொருவருக்காகத் திருட்டுத்தனமாக மாஸ்க் மாட்டப்போய், தன்னைத்தானே கையும் களவுமாகக் காட்டிக்கொடுத்துவிட்டான்.

சனிக்கிழமைக்கு ஒரு இடம் காலியானது. காலியாக்கினேன் என்பதே சரி. யாரிடம் சண்டை போட்டேன் என்பது இங்கே வேண்டாம். அவன் எண் பதினாலு. அவனுக்கும் ஏசியைப் போடாமல்தான் பார்த்தேன். இப்போது யாருக்கும் போடுவதில்லை. வேர்க்கிறது என்று புகார் வருகிறது. வேர்க்கட்டும்.

திங்கட்கிழமைக் குழுவை ஓட்டுநர் விட்டுவிட்டார். மூன்று மாதம் பொய்ப்பல்லோடு பொறுமையாகக் குடித்தனம் நடத்தினார். மாதம் ஒருமுறை அவர் மெஷினுடையதும் கோழியின் புது மெஷினுடையதுமாக இரண்டு கார்டுகளும் என் மேஜைக்கு வந்தன. ஒன்றில் பன்னிரண்டு மூச்சு, ஒன்றில் பதினேழு. மாறவே இல்லை. மூன்றாவது மாதம், நான்காக மடித்த அதே தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மடிப்பில் கிழியாமல் நீவிவிட்டு எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது.

ஓட்டுநர் காலி செய்த அறைக்கு டெப்போவில் ஆள் தேடியபோது கோழியை எடுத்துக்கொண்டார்கள். குடையைத் தேடி வருகிறவர்களிடம், எந்த வண்டியில், எந்த இருக்கையில் விட்டார்கள் என்று இவனே சொல்கிறானாம். பொய்ப்பல்லின் சொந்தக்காரரையும் கண்டுபிடித்துவிட்டான். அவனைக் கோழி என்று கூப்பிட வேண்டாம் என்று அக்கா எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். யாரும் கேட்பதாக இல்லை.

போன வாரம் எனக்கு இரண்டு நாள் விடுமுறை. என் தங்கை வீட்டுக்குப் போகிற பஸ், அவர் ஓட்டுகிற பஸ். காலை ஏழு மணி வண்டி. ஏறினால், ஓட்டுநருக்கு நேர் பின் இருக்கையில் ஜன்னலோரமாக அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை, கையில் டிக்கெட்.

“எங்க, ஊருக்கா?” என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஒரு ஊருக்கும் இல்ல மேடம். கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு இதே வண்டியில திரும்பறேன்,” என்றார். “ஏறமாட்டேன்னு சொன்னேன்ல. அதான்.”

வண்டி கிளம்பியது. ஓட்டுநர் மேலே இருந்த கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். அந்த அம்மாள் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பெரிய சாலைக்கு வந்து சேர்வதற்குள், என்னிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்த்தேன். தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. பழக்கதோஷம், எண்ணினேன். நிமிஷத்துக்குப் பதினாறு. ஒன்றுகூட அடைக்கவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் வண்டி நின்றபோது பிரேக் காற்று உஸ்ஸென்று பெரிதாகப் போனது. அந்த அம்மாள் கண் திறக்கவில்லை.